நாடி பார்க்கத் தயங்கிய கீரி

கார்த்திகை பிறந்த முதல் வாரம். பொழுது புலர்ந்து, தண்ணீரின் மேல் கிடந்த பனி மெல்ல விலகிக்கொண்டிருந்தது. அந்த வேளையில் கபிலை என்னும் கீரி, நெடுமடுவின் துறையில் ஒரு கல்லின் மேல் நின்று அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கபிலை வைத்தியம் கற்றவள். மடுவுக்குக் கிழக்கே இருந்த கோரைக்காடு முழுமைக்கும் அவள் ஒருத்தியே வைத்தியர். நாடி பார்ப்பதில் அந்த வனத்தில் அவளுக்கு நிகர் எவரும் இல்லை. விரல் வைத்த மாத்திரத்தில், காய்ச்சல் வந்துவிட்டதா, இனிமேல்தான் வரப்போகிறதா என்று சொல்லிவிடுவாள்.

அந்த ஆண்டுக் கோடையில் வனத்துக்குள் திணறல் காய்ச்சல் புகுந்திருந்தது. முதலில் இருமல் வரும். அடுத்து உடம்பு கொதிக்கும். பிறகு மூச்சு இழுக்கும். ஒருவர் விட்ட மூச்சை அருகில் இருப்பவர் வாங்கினாலே போதும், நோய் தாவிவிடும். பெரியவர்களில் பலர் படுத்து எழுந்தார்கள், சிலர் எழவில்லை. ஆனால் குட்டிகளின் நிலை வேறு. கட்டிச் சளி தொண்டையை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் அவ்வளவுதான். கார்த்திகைக்கு முந்திய ஒரு மாதத்தில் மட்டும் கபிலையின் கைகளிலேயே எத்தனையோ குட்டிகள் திணறித் திணறி அடங்கின. இப்போதும் நான்கு குட்டிகள் கோரைக்காட்டில் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தன. அவற்றை உதவியாளர்களிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் அவள் துறைக்கு வந்திருந்தாள்.

அடைத்த தொண்டையைத் திறக்கும் வித்தையை அறிந்தவர் அந்த வனத்தில் ஒருவரே. அவர் மலைச்சரிவில் வாழ்ந்த கரடி வைத்தியர் கருமேனியார்.

அந்த வித்தையைக் காகத்திடம் சொல்லி அனுப்பச் சொன்னாள் கபிலை. கருமேனியாரும் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். "குட்டியை முன்கையின் மேல் குப்புறப் போடு. தலை தாழ்ந்து இருக்கட்டும். மூச்சு வெளியே போய் முடிந்து, உள்ளே வரத் தொடங்கும் முன், தோள்களுக்கு நடுவே உள்ளங்கையால் மேல்நோக்கித் தள்ளு." காகம் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தது. கபிலையும் ஓர் அணில் குஞ்சுக்கு அப்படியே செய்தாள். ஆனால் அந்த நொடி எது என்பதைக் காகத்தால் எப்படிச் சொல்ல முடியும்? கண்ணிமைக்கும் நேரம் பிந்திவிட்டது. சளி வெளியே வருவதற்கு மாறாக நெஞ்சுக்குள் இறங்கியது. குஞ்சு அடங்கியது. அதன் தாய் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றுதான் கபிலை முடிவு செய்தாள். வனத்தின் வைத்தியர்கள் எல்லோரும் ஓரிடத்தில் கூட வேண்டும். கருமேனியார் செய்து காட்ட வேண்டும். மற்றவர்கள் கண்ணால் பார்த்துக் கையால் செய்து பழக வேண்டும்.

"நோய் பரவும் காலத்தில் வைத்தியர்கள் கூடுவதா? நோய்க்கு நாமே விருந்து வைப்பதா?" என்று கேட்டு அனுப்பினாள் வேலாயி. அவள் தெற்குக் காட்டின் முள்ளம்பன்றி வைத்தியர். வயதில் மூத்தவள். வாயும் கூர்மையானது.

"கூடாமல் இருந்தால் குட்டிகள் சாகின்றன, அக்கா! கவனமாகக் கூடுவோம்!" என்று பதில் அனுப்பினாள் கபிலை.

"கவனம் என்று எல்லோரும்தான் சொல்வார்கள். எப்படி என்று சொல்!"

கபிலை சொன்னாள். வழக்கமாகக் கூடும் குகை இந்த முறை வேண்டாம். நெடுமடுத் துறைக்கு அருகே உள்ள வானம் பார்த்த பாறையில் கூடலாம். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே மான் பாயும் தூரம் இருக்க வேண்டும். காற்று வீசும் திசை பார்த்து உட்கார வேண்டும். மூக்கையும் வாயையும் வாழைநார்ப் பின்னலால் மூடிக்கொள்ள வேண்டும். அவரவர் உணவும் நீரும் அவரவரே கொண்டுவர வேண்டும். பொது விருந்து இல்லை. தனக்கோ தன் கூட்டில் உள்ளவர்க்கோ இருமல், காய்ச்சல் இருந்தால் வரக்கூடாது. வருபவர் யாராக இருந்தாலும், துறையிலேயே நாடி பார்க்கப்படும்.

கடைசி விதியைக் கேட்டதும் காகங்கள் முன்னும் பின்னுமாகப் பறந்தன!

ஏனெனில் அந்த வனத்தில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. ஒரு வைத்தியரின் நாடியை மற்றொரு வைத்தியர் பார்ப்பதில்லை. பார்த்துவிட்டால், பார்க்கப்பட்டவர் நோயாளி என்று பொருள். அவர் தம் மருந்துப் பையை இறக்கி வைத்துவிட வேண்டும். மறுவருடம் வரை எவருக்கும் வைத்தியம் செய்யக்கூடாது. முன்னொரு காலத்தில் போட்டி வைத்தியர்கள் ஒருவரை ஒருவர் நோயாளி என்று பறைசாற்றி, அடுத்தவரின் நோயாளிகளைப் பறித்துக்கொண்டார்களாம். அதைத் தடுக்க வந்த வழக்கம் அது. அன்றைக்கு அது நியாயமாகவே இருந்திருக்கும்.

"இந்தக் கார்த்திகை மட்டும் அந்த வழக்கத்தைத் தள்ளி வைப்போம். எவர் பையும் இறங்காது. முதலில் என் கையையே நீட்டுகிறேன்" என்றாள் கபிலை.

வைத்தியர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவள் வேலாயி. கபிலை கல்லிலிருந்து இறங்கித் தன் முன்கையை நீட்டினாள்.

"பாருங்கள், அக்கா."

வேலாயி தன் நார்ப் பின்னலைச் சரிசெய்துகொண்டு விரல் வைத்தாள். "சீராக ஓடுகிறது. இராத்திரி ஒழுங்காகத் தூங்கவில்லை. சாப்பிடவும் இல்லை. வேறு குறை இல்லை" என்றாள். பிறகு தன் கையை நீட்டினாள். "இந்தா, பார். உடம்பெல்லாம் முள்ளை வைத்துக்கொண்டு, ஒரு கீரிக்குக் கை நீட்டுகிறேன். என் தாய் பார்த்தால் என்னைப் பெற்றதற்கே வருந்துவாள்!"

"உங்கள் நாடி என்னைத் திட்டுகிறது, அக்கா."

"அது பிறவிக் குணம். காய்ச்சல் உண்டா?"

"இல்லை. போகலாம்."

அடுத்து மான் வைத்தியர் வந்தார். மரநாய் வந்தது. நரி வந்தது. எல்லோரும் கூச்சத்தோடு கை நீட்டினார்கள். எல்லோரும் நலம். அவர்கள் பாறையில் தள்ளித் தள்ளி அமர்ந்தார்கள்.

ஐந்தாவதாக வந்தவர் அல்லியன். அவர் மேற்குச் சோலையின் தேவாங்கு வைத்தியர். மெல்ல நடப்பவர். மெல்லப் பேசுபவர். துறைக்கு வரும் முன்பே, நாவல் மரத்தின் அடியில் நின்றுவிட்டார்.

"வாருங்கள், அல்லியரே! ஏன் அங்கேயே நிற்கிறீர்கள்?"

"எனக்கு ஒன்றும் இல்லை, அம்மா. ஆனால் நான் புறப்படும்போது என் மனைவி இருமினாள். பாதி வழி வந்துவிட்டேன். பிறகு யோசித்தேன். உங்கள் விதி என் கூட்டுக்கும் சேர்த்துத்தானே?"

பாறையின் மேலிருந்து நரி சிரித்தது. "தேவாங்காரே! பெண்டாட்டி ஒரு இருமல் இருமியதற்கா இந்த நடுக்கம்? நீர் நடந்து வந்த வேகத்துக்கு, இந்நேரம் அவளுக்குக் குணமாகியே இருக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அல்லியன் சிரிக்கவில்லை.

"நான் திரும்பிப் போகிறேன். கூட்டம் முடிந்தபின், உங்களில் ஒருவர் என் சோலைக்கு வாருங்கள். மரத்தடியில் எட்டி நின்று அந்த வித்தையைச் செய்து காட்டுங்கள். என் பக்கத்திலும் குட்டிகள் இருக்கின்றன."

"நானே வருகிறேன்" என்றாள் கபிலை.

அவர் திரும்பி நடந்தார். கபிலைக்கு அவர் மேல் மதிப்பு உண்டாயிற்று. விதி வேலை செய்கிறது என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் எழுந்தது.

கடைசியாகக் கருமேனியார் வந்தார்.

அவர் நடையிலேயே கபிலை கண்டுகொண்டாள். மலைச்சரிவு இறங்கிய களைப்பு என்று முதலில் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் கண்கள் சிவந்திருந்தன. துறைக்கு வந்ததும், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒருமுறை இருமினார். வறண்ட, சிறிய இருமல்.

"மூங்கில் பூத்திருக்கிறது, கபிலை. வழியெல்லாம் பூந்தாது. தொண்டையை அறுக்கிறது" என்றார்.

"ஆமாம், ஐயா. இந்த வருடம் பூ அதிகம்."

"பூந்தாதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் நிச்சயமாகத் தெரியவில்லை. என் நாடியை நானே பார்த்தேன். என் விரலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பார்ப்பவரும் நோயாளியும் ஒருவரே என்றால், தீர்ப்பு எப்படி நேராக இருக்கும்?" அவர் தம் பெரிய முன்கையை நீட்டினார். "உன் விரலை நம்புகிறேன். பார்த்துச் சொல், அம்மா. காய்ச்சல் என்றால் இப்படியே திரும்பிவிடுகிறேன்."

குழந்தைகளே, இங்கே சற்று நில்லுங்கள். கரடி மறுக்கவில்லை. கோபிக்கவில்லை. மூத்தவன் என்ற மிடுக்கைக் காட்டவும் இல்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றது.

கபிலையின் விரல்கள் பாதி தூரம் சென்றன. அங்கேயே நின்றன.

தொட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் கருமேனியார் திரும்பிவிடுவார். வித்தையும் அவரோடு மலையேறிவிடும். கோரைக்காட்டில் கிடக்கும் நான்கு குட்டிகளும் இன்றைக்கோ நாளைக்கோ அடங்கிவிடும். அவற்றில் ஒன்று ஒரு கீரிக்குட்டி. இன்னும் கண் சரியாகத் திறக்காத குட்டி. காலையில் புறப்படும்போது அது அவள் விரலைப் பற்றிக்கொண்டு விடவில்லை.

தொடாவிட்டால்? தொடாவிட்டால் ஒன்றும் தெரியாது. தெரியாத ஒன்றை மறைத்ததாக எவராலும் சொல்ல முடியாது அல்லவா?

கபிலை கையை இழுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு எதற்கு ஐயா இதெல்லாம்? பூந்தாதுதான். எனக்கே காலையிலிருந்து தொண்டை கரகரக்கிறது."

"பார்க்கவே வேண்டாம் என்கிறாயா?"

"முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே!"

கருமேனியார் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. அந்த வனத்திலேயே சிறந்த நாடி வைத்தியர் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அவருக்கு என்ன வேண்டும்? "நல்லது. பயந்துகொண்டே வந்தேன். இனி நிம்மதியாகக் கற்றுத்தருவேன்" என்றார்.

பாறையிலிருந்து வேலாயி குரல் கொடுத்தாள். "கபிலை! அவர் கையையும் பார்த்தாயிற்றா?"

"பார்த்தாயிற்று, அக்கா!"

அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது அவள் குரல் சிறிதும் நடுங்கவில்லை.

கூட்டம் தொடங்கியது. ஒவ்வொருவர் முன்னும் ஒரு சுரைக்குடுக்கை இருந்தது. அதன் கழுத்தில், ஊறவைத்த திருநீற்றுப் பச்சிலை விதைகள் சளியைப் போல வழவழவென்று அடைத்துக்கொண்டிருந்தன. குடுக்கைக்கு மூச்சு ஏது? அதனால் கருமேனியார் ஒரு வழி சொன்னார். மல்லாந்து படுத்துக் குடுக்கையை வயிற்றின் மேல் சாய்த்து வைத்துக்கொள்ள வேண்டும். வயிறு ஏறும்போது குட்டி மூச்சு வாங்குகிறது. வயிறு இறங்கும்போது விடுகிறது. இறங்கி முடித்து, ஏறத் தொடங்கும் முன் தள்ள வேண்டும்.

"இப்போது! இல்லை, இப்போது இல்லை. இதோ, இப்போது!"

கரடியின் குடுக்கையிலிருந்து விதைக்கூழ் ஒரே தள்ளலில் வெளியே விழுந்தது. கபிலையின் கண்கள் கலங்கின. எத்தனை எளிது! எத்தனை குட்டிகளை இதற்காக இழந்துவிட்டோம்!

முதல் நாழிகை எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒருவரும் இடம் விட்டு நகரவில்லை. ஆனால் வெயில் ஏற ஏறக் கருமேனியாரின் குரல் கம்மத் தொடங்கியது.

"ஐயா, கேட்கவில்லை!" என்றது நரி.

"சற்று முன்னால் வாருங்கள்" என்றார் கருமேனியார்.

நரி இரண்டு அடி முன்னால் வந்தது. மரநாய் மூன்று அடி வந்தது. மானும் வந்தது. வேலாயி மட்டும் தயங்கினாள். "மான் பாயும் தூரம் என்று பேசினோமே?"

"எல்லோர் நாடியும் பார்த்தாயிற்று! நோயே இல்லாத இடத்தில் யாரிடமிருந்து யார் ஓடுவது? இன்னும் நாம் என்ன தேவாங்குகளா?" என்றது நரி.

வேலாயி கபிலையைத் திரும்பிப் பார்த்தாள். கபிலை அன்றைக்கு ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். 'தூரம்!' என்று கத்தியிருக்கலாம். ஆனால் ஏன் என்று கேட்பார்களே! அவள் தன் குடுக்கையைக் குனிந்து பார்த்தாள்.

வேலாயி அந்த மௌனத்தை அனுமதி என்று எடுத்துக்கொண்டாள். அவளும் முன்னால் வந்தாள்.

நண்பகலுக்குள் அத்தனை பேரும் கரடியைச் சுற்றி நெருங்கியிருந்தார்கள். நார்ப் பின்னல்கள் கழுத்துக்கு இறங்கிவிட்டன. பின்னலைப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்டால் ஒருவருக்கும் புரியவில்லை. கருமேனியார் ஒவ்வொருவர் கையையும் தம் கைக்குள் வைத்து, அந்த நொடியை உணர்த்தினார். நடுவே இருமினார். "பூந்தாது" என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள்.

கபிலை மட்டும் பாறையின் விளிம்பில், காற்று வரும் பக்கமாக உட்கார்ந்திருந்தாள்.

"அடியே! எல்லோரையும் கூட்டிவைத்தவளே எட்டி நிற்கிறாயே! எங்களுக்கு மட்டும் என்ன, முள்ளா முளைத்திருக்கிறது?" என்றாள் வேலாயி. தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தாள்.

"இங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது, அக்கா."

"தெரிந்தால் போதாது. அவர் கையில் கை வைத்துப் பார்! அதற்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இன்னும் தயங்கினால் சந்தேகம் வரும். கபிலை எழுந்து போனாள். கரடியின் கைக்குள் தன் கையை வைத்தாள். அந்தக் கை கொதித்தது.

நாடி பார்க்கவே தேவையில்லை. கபிலைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அந்தச் சூட்டை மற்றவர்களும் உணர்ந்துதான் இருப்பார்கள். ஆனால் வெயிலில் கிடந்த கரடி சுடாமல் இருக்குமா என்று நினைத்திருப்பார்கள். அவள் பார்த்தாயிற்று என்று சொல்லியிருந்தாளே!

"இப்போது!" என்றார் கருமேனியார். கபிலையின் உள்ளங்கை சரியான நொடியில் தள்ளியது. கூழ் வெளியே வந்து விழுந்தது.

"முதல் முறையிலேயே! நீ பிழைத்துக்கொள்வாய்" என்று மகிழ்ந்தார் கருமேனியார்.

மாலைக்குள் அவரவர் காட்டுக்கு விரைந்தார்கள். கபிலை கோரைக்காட்டுக்கு ஓட்டமாக ஓடினாள். கீரிக்குட்டியை முன்கையில் குப்புறப் போட்டாள். மூச்சு இறங்கியது. முடிந்தது. தள்ளினாள். கட்டிச் சளி தெறித்து விழுந்தது. குட்டி வீறிட்டு அழுதது. ஒரு மாதமாக அந்தக் கோரைக்காட்டில் எவரும் கேட்டிராத அழுகை! மற்ற மூன்றையும் அவள் அப்படியே மீட்டாள். தாய்மார்கள் அவள் கால்களைக் கட்டிக்கொண்டார்கள்.

'நான் செய்தது சரிதான்' என்று கபிலை எண்ணினாள்.

அந்த எண்ணம் அவளுக்கு அதிக நாள் நீடிக்கவில்லை.

முதலில் வந்த செய்தி கருமேனியாருடையது. அவர் தம் குகையை எட்டவே இல்லை. பூத்த மூங்கில்களின் அடியில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பிறகு மான் வைத்தியர் படுத்தார். மரநாய் படுத்தது. நரி படுத்தது. கபிலையும் காய்ச்சலில் விழுந்தாள்.

அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. நோய் வெளிப்படும் முன்பே அவர்கள் எல்லோரும் தத்தம் காடுகளில் வித்தையைச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். குட்டியின் முகத்தருகே முகம் வைத்து, அதன் மூச்சைக் கவனித்துச் செய்யும் வித்தை அது. நோய் இல்லாத குட்டிகளின் தாய்மார்களும் கற்றுக்கொள்ளக் கூடி நின்றார்கள். வைத்தியர்கள் கால் வைத்த கூடுகளில் எல்லாம் திணறல் காய்ச்சலும் கால் வைத்தது.

கபிலை காய்ச்சலிலிருந்து எழுந்து உட்கார்ந்த நாளில், தெற்கிலிருந்து ஒரு காகம் வந்தது. தொலைவில் ஒரு கிளையில் அமர்ந்து, வேலாயியின் சொற்களை ஒப்பித்தது.

"கபிலை, எனக்கு மூச்சு வாங்குகிறது. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். துறையில் நாம் எல்லோரும் சுத்தமாக இருந்தோம். கருமேனியார் உட்பட நீ பார்த்துச் சொன்னாய். அப்படியானால் நோயைக் கொண்டுவந்தவள் நானாகத்தான் இருக்க வேண்டும். நீ என் கையைப் பார்த்த பிறகு எனக்குத் தொடங்கியிருக்கும். அவருக்கும் நானே கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. எந்த இடத்தில் தவறினேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. நீ கெட்டிக்காரி. கண்டுபிடித்துச் சொல். தெரிந்துகொண்டு போனால் நன்றாக இருக்கும்."

கபிலை தரையில் நெற்றியை வைத்தாள். "ஓடு! பறந்து போ!" என்று காகத்திடம் கதறினாள். "தவறு உங்களுடையது இல்லை என்று சொல்! கருமேனியாரின் கையை நான் பார்க்கவே இல்லை என்று சொல்! பார்த்ததாகப் பொய் சொன்னேன் என்று சொல்!"

காகம் பறந்தது. மறுநாள் திரும்பி வந்தது. சொன்ன சொல்லை எவரிடமும் இறக்காமலே திரும்பி வந்திருந்தது. அது போய்ச் சேர்ந்தபோது வேலாயி இல்லை.

உடம்பு தேறியதும் கபிலை மேற்குச் சோலைக்குப் போனாள். அல்லியனின் மரத்துக்கு வெகு தொலைவிலேயே நின்றாள். நடுப்பகல். அல்லியன் மெல்லக் கிளையின் நுனிக்கு வந்தார். அவர் கண்கள் எப்போதையும் விடப் பெரிதாகத் தெரிந்தன. அவர் மனைவி பிழைத்துவிட்டாள். ஆனால் வித்தை தெரியாத காரணத்தால், அந்த மாதம் அவருடைய சோலையில் அநேகக் குட்டிகள் போய்விட்டன.

"சொன்னபடி வந்திருக்கிறேன்" என்றாள் கபிலை. "வித்தையைக் காட்டும் முன் ஒன்றைச் சொல்ல வேண்டும்." சொன்னாள். எதையும் குறைக்காமல் சொன்னாள்.

 அல்லியன் கேட்டார்: "அவர் கையை நீட்டினாரா?"

"நீட்டினார்."

"நீட்டிய கையையா விட்டுவிட்டாய்?"

"குட்டிகள் செத்துக்கொண்டிருந்தன, அல்லியரே! அவர் திரும்பிப் போயிருந்தால் வித்தையே கிடைத்திருக்காது!"

"காய்ச்சல் என்று தெரிந்திருந்தால், அவரை அக்கரையில் உட்கார வைத்திருக்கலாம். நீங்கள் இக்கரையில் இருந்து பார்த்திருக்கலாம். கற்க நேரம் ஆகியிருக்கும். அவ்வளவுதானே?"

 நெடுமடு அகலமானதுதான். ஆனாலும் அக்கரையில் குடுக்கை அசைவது இக்கரைக்குத் தெரியும். அது கபிலையின் நினைவுக்கே வரவில்லை. திருப்பி அனுப்புவது அல்லது உள்ளே விடுவது என்ற இரண்டைத் தவிர அவளுக்கு அன்று வேறெதுவும் தோன்றவில்லை.

"நின்ற இடத்திலேயே நின்று காட்டு. நான் பார்க்கிறேன்" என்றார் அல்லியன்.

அவள் மல்லாந்து படுத்து, குடுக்கையை வயிற்றில் வைத்துக் காட்டினாள். அவர் கிளையில் படுத்து, தம் குடுக்கையைத் தள்ளினார். பிந்தியது. "இன்னும் முன்னால்!" என்று அவள் கத்தினாள். முந்தியது. "இன்னும் பிந்தி!" என்றாள். அந்தப் பிற்பகல் முழுவதும் இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள். வெயில் சாயும் நேரத்தில் அல்லியனின் குடுக்கையிலிருந்து கூழ் ஒரே தள்ளலில் கீழே விழுந்தது.

அவர் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

அந்தக் கார்த்திகைக் கூட்டத்தின் விலையை அவரவர் செலுத்திய விதம் இது. கருமேனியார் அந்த வாரத்திலேயே தம் உயிரைக் கொடுத்தார். மானும் மரநாயும் அடுத்த பௌர்ணமிக்கு முன் கொடுத்தார்கள். வேலாயி மார்கழி பிறந்தபோது கொடுத்தாள். செய்யாத தவறைத் தன்னுடையது என்று சுமந்துகொண்டே கொடுத்தாள். நரி பிழைத்தது, ஆனால் அதன் நெஞ்சில் பாதி மூச்சுக்கு மேல் தங்கவில்லை, அதன் பிறகு அது எவரையும் பார்த்துச் சிரிக்கவும் இல்லை. நான்கு காடுகள் அந்தக் குளிர்காலம் முழுவதும் வைத்தியர் இல்லாமல் கிடந்தன. கபிலை மீட்ட நான்கு குட்டிகளில் மூன்று வளர்ந்து பெரிதாயின. நான்காவதான கீரிக்குட்டி தன் தாயை அந்த மார்கழியிலேயே இழந்தது, தானும் பிழைக்கவில்லை. கபிலையின் காலைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்ன நாளில்தான் அந்தத் தாய்க்கு நோய் ஒட்டியிருந்தது. தை மாதம் அல்லியனும் நரியும் மடுவின் இரு கரைகளிலும் நின்று பேசி, கபிலையின் மருந்துப் பையை வாங்கி வைத்தார்கள். ஒரு வருடத்துக்கு அல்ல, என்றைக்குமாக.  அதன் பிறகு அவள் எவர் நாடியையும் தொடவில்லை.

எல்லோரையும் காப்பதற்காக வகுத்த விதியை, நமக்கு மிகவும் வேண்டிய ஒருவருக்காக மட்டும் தளர்த்தினால், அந்த ஒருவரையும் காக்க மாட்டோம், மற்றவர்களையும் காக்க மாட்டோம்.